சன் ரா ஆர்கெஸ்ட்ராவை நேரில் கேட்டவர்கள் சொல்லுங்கள்

பழந்தட்டு:

அமெரிக்க ஜாஸ் இசைக்காரர் சன் ரா என்றதும் சனிக்கிரகத்திலிருந்து வந்ததாகச் சொல்லிக்கொண்டவர், ஜிகினா அங்கி, எகிப்தியக் கிரீடம் என்று பேச்சு அங்கேயே நின்றுவிடுகிறது. அவருடைய ஆர்கெஸ்ட்ராவை நேரில் கேட்டவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள். காதில் விழுந்ததை எழுதுங்களேன். முதலில் நான்.

நான் போனது பிலடெல்பியாவில் ஒரு சின்ன அரங்குக்கு. சன் ரா 1993இல் காலமாகிவிட்டார். நான் பார்த்தபோது தலைமை மார்ஷல் ஆலன். தொண்ணூறைத் தாண்டிய மனிதர், ஜிகினாச் சட்டையும் ஆல்டோ சாக்ஸபோனுமாக நின்றார். அவர் வாசிப்பதைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். வலது கையால் சாக்ஸபோனின் விசைகளை வாரி அடிக்கிறார். கருவி கீச்சிடுகிறது, அலறுகிறது. பிறகு கையை ஒரு வீசு வீசினார், ட்ரம்பெட்டும் ட்ராம்போனும் மொத்தமாகக் கிளம்பின. சரி, இன்றைக்கு முழுக்க இதுதான் போல என்று சாய்ந்து உட்கார்ந்தேன். அடுத்த நிமிடமே அதே ஆட்கள் 1930களின் ஸ்விங் எனும் ஜாஸ் நடன இசை ஒன்றைச் சுத்தமாக, துள்ளத் துள்ள எடுத்தார்கள். முன்வரிசையில் ஒரு வயதான தம்பதி எழுந்து ஆடவே தொடங்கிவிட்டார்கள்.

இது வேடிக்கைக்குச் சேர்த்ததல்ல. 1914இல் அலபாமாவின் பர்மிங்காமில் ஹெர்மன் பிளவுன்ட்டாகப் பிறந்தவர் சன் ரா. 1946இல் சிகாகோ வந்து கிளப் டிலீசாவில் ஃப்ளெட்சர் ஹெண்டர்சனின் குழுவுக்குப் பியானோ வாசித்தார். ஸ்விங் என்ற பாணிக்கே உருக் கொடுத்தவர்களில் ஒருவர் ஹெண்டர்சன். 1952இல் பிளவுன்ட் சட்டப்படி பெயரை மாற்றிக்கொண்டார், பிறந்த கிரகத்தையும் மாற்றிக்கொண்டார், ஹெண்டர்சனை மட்டும் விடவில்லை. பின்னாளிலும் அந்தப் பழைய உருப்படிகளை மேடையேற்றிக்கொண்டே இருந்தார். என்னைக் கேட்டால் இது முதலில் ஒரு நடன இசைக் குழு, அப்புறம்தான் அவான்ட்-கார்ட், அதாவது மரபை உடைக்கும் சோதனை இசை.

ஜெர்மன்டவுன்வாசி:

நான் குடியிருப்பது பிலடெல்பியாவின் ஜெர்மன்டவுனில், சன் ரா குழுவின் வீட்டுக்கு நடந்துபோகும் தூரத்தில். மார்ட்டன் தெருவில் வரிசை வீடுகளில் ஒன்று, சொன்னால்தான் தெரியும். 1968இல் நியூயார்க்கிலிருந்து குழுவோடு இங்கே வந்து சேர்ந்தார்கள். மார்ஷல் ஆலனின் அப்பாவுக்குச் சொந்தமான வீடு அது. வாசிப்பவர்கள் பலரும் அங்கேயே தங்கினார்கள். குடி கூடாது, போதை கூடாது, சன் ரா கூப்பிட்டால் நடுராத்திரி ஆனாலும் ஒத்திகைக்கு உட்கார வேண்டும். ஏறக்குறைய குருகுலம். நம் ஊர் குருகுலத்தைப் போலவே சம்பளமும் பெரிதாக ஒன்றும் இல்லை.

அந்த வழியாகப் போகும்போது உள்ளே ஒத்திகை நடப்பது கேட்டிருக்கிறது. ஒரே நான்கு அடியைத் திரும்பத் திரும்ப வாசிப்பார்கள், நிறுத்துவார்கள், மறுபடியும் அதையே எடுப்பார்கள். மேடையில் தறிகெட்டு ஓடுவதாகத் தெரிகிற இடங்களுக்குப் பின்னால் இவ்வளவு கட்டுப்பாடு இருக்கிறது. 2022இல் நகர நிர்வாகம் அந்த வீட்டை வரலாற்றுக் கட்டடங்களின் பட்டியலில் சேர்த்தது.

நாதப்பித்தன்:

பழந்தட்டு அண்ணா, பாதிதான் ஒத்துக்கொள்வேன். ஸ்விங் அடித்தளம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் 1950களின் நடுவிலேயே மின்பியானோவைக் கையில் எடுத்த ஜாஸ்காரர் எத்தனை பேர்? மினிமூக் சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவி கடைக்கு வருமுன்பே அதன் மாதிரி ஒன்று அவர் கைக்கு வந்துவிட்டது. டெனர் சாக்ஸபோன் ஜான் கில்மோரை எடுத்துக்கொள்ளுங்கள். அவரை உன்னிப்பாகக் கேட்டதாகப் புகழ்பெற்ற சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனே சொல்லியிருக்கிறார். அப்பேர்ப்பட்டவர் தனிப்பெயர் தேடிப் போகாமல் 1953 முதல் பெரும்பாலும் இந்தக் குழுவிலேயே இருந்தார். பழைய நடன இசைக்காக மட்டும் ஒரு ஆள் அப்படி இருப்பாரா?

நான் கேட்டது லண்டனில். எனக்குப் பிடித்தது கடைசிக் கட்டம். கருவிகளோடு மேடையை விட்டு இறங்கி, பாடிக்கொண்டே நாற்காலிகளுக்கு நடுவே ஊர்வலம் வந்தார்கள். பாரிடோன் சாக்ஸபோன் என்னை உரசிக்கொண்டு போனபோது விலா எலும்பு அதிர்ந்தது. கூட வந்த நண்பர் ஜாஸ் என்றால் ஓடுகிற ஆள். அவரும் ஊர்வலத்தின் வாலில் சேர்ந்துகொண்டு பாதி அரங்கைச் சுற்றி வந்தார்.

பாஸ்டன் அக்கா:

நான் நேரில் கேட்டதில்லை, படித்ததோடு சரி. எல்லாரும் அந்தக் கூட்டு வாழ்க்கையைப் புகழ்கிறீர்கள். இந்தக் குழுவில் பாரிடோன் சாக்ஸபோன் வாசித்த பேட் பேட்ரிக் இந்த இசைக்காகச் சிகாகோவில் மனைவி மக்களை விட்டுவிட்டு நியூயார்க் போனவர். மகன் டெவல் பேட்ரிக்குக்கு அப்போது நான்கு வயது. அந்தப் பையன்தான் பின்னாளில் எங்கள் மாசசூசெட்ஸின் ஆளுநர். குருகுலத்தின் வாடகையை வேறு யாரோ கட்டியிருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றும்.

பழந்தட்டு:

அக்கா சொல்வது நியாயம், அதற்கு என்னிடம் பதில் இல்லை.

நாதப்பித்தன் தம்பிக்கு ஒன்று. புதுமை என்று பார்த்தால் எனக்கு மின்கருவியை விட சன் ராவின் எல் சாட்டர்ன் நிறுவனம்தான் பெரிது. கறுப்பின இசைக்காரர்கள் பெரிய நிறுவனங்களின் தயவில் இருந்த 1950களில், நண்பர் ஆல்டன் ஆபிரகாமோடு சேர்ந்து சொந்தமாக இசைத்தட்டு நிறுவனம் தொடங்கினார். குறைந்த எண்ணிக்கையில் தட்டு அச்சடித்து, பல உறைகளைக் கையாலேயே வரைந்து, கச்சேரி மேடையருகே விற்றார்கள். அதில் ஒன்றை ஒரு சேகரிப்பாளர் வீட்டில் தொட்டுப் பார்த்திருக்கிறேன். மார்க்கர் பேனா மை மங்கியிருந்தது. விலை கேட்டதும் மரியாதையாகத் திருப்பி வைத்துவிட்டேன்.

புதியவன்:

எங்கிருந்து தொடங்குவது? இப்போதும் போய்க் கேட்க முடியுமா?

ஜெர்மன்டவுன்வாசி:

1959இல் வந்த ஜாஸ் இன் சில்லவெட் ஆல்பத்திலிருந்து தொடங்குங்கள். பயமுறுத்தாது, நீங்கள் மேலே சண்டை போட்ட இரண்டு பக்கமும் அதில் இருக்கிறது. குழு இன்னும் வாசிக்கிறது. மார்ஷல் நூறு வயதைத் தாண்டிவிட்டார். தன் பெயரில் முதல் தனி ஆல்பத்தையே 2025இல்தான் வெளியிட்டார். வெளியூர்க் கச்சேரிகளில் இப்போது சாக்ஸபோன்காரர் நோயல் ஸ்காட் நடத்துகிறார். டிக்கெட் எடுத்தால் ஓரத்து இருக்கையாகப் பாருங்கள், ஊர்வலம் அந்த வழியாகத்தான் வரும்.