588-லேயே நிற்கிறது: ரைஃபிளை மாற்றுவதா, ஆளைத் திருத்துவதா?

ரேஞ்ச்_அப்பா:
மகள் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் சுடுகிறாள். 60 ஷாட் மேட்சில் டெசிமல் ஸ்கோர் (ஷாட்டுக்கு அதிகபட்சம் 10.9 என்று தசமத்தில் போடும் புள்ளி) 585-க்கும் 590-க்கும் நடுவிலேயே நிற்கிறது. கையில் இருப்பது கிளப்பின் பழைய மேட்ச் ரைஃபிள், அழுத்தக் காற்று சிலிண்டர் வகை. புதிது வாங்கினால் 610 வரும் என்கிறார் கடைக்காரர். லட்சக்கணக்கில் செலவு. கோச்சோ, "ரைஃபிள்ல ஒண்ணும் இல்ல சார், பொசிஷன்தான்" என்று, அதாவது நிற்கும், பிடிக்கும் நிலைதான் காரணம் என்று, ஒரே வரியில் முடித்துவிட்டார். யார் சொல்வது சரி என்று எப்படிப் பார்ப்பது?

கிளாம்ப்_கணக்கு:
இருவரையும் விடுங்கள் சார், அளந்துவிடலாம். இந்த டார்கெட்டில் மையத்திலிருந்து 0.25 மிமீ விலகினால் 0.1 புள்ளி போகும். 588 என்றால் ஷாட்டுக்கு 9.8. அதாவது மகளின் பெல்லட்டுகள் (ஈயக் குண்டுகள்) சராசரியாக ஏறத்தாழ 2.9 மிமீ தள்ளி விழுகின்றன.

இந்த 2.9-ல் ரைஃபிளும் பெல்லட்டும் சேர்ந்து எவ்வளவு தின்கின்றன என்பதுதான் கேள்வி. ரைஃபிளை கிளாம்பில் இறுக்கி ஒரே கார்டில் 10 ஷாட் சுட்டு, ஓட்டையின் வெளி விளிம்பிலிருந்து எதிர் விளிம்பு வரை அளந்து பாருங்கள். 6 மிமீ வந்தால், பெல்லட்டின் 4.5-ஐக் கழித்து 1.5 மிமீ குரூப், அதாவது ஷாட்டுகள் சிதறும் அகலம். சராசரி விலகல் சுமார் அரை மிமீ. 7.5 மிமீ வந்தால் சராசரி விலகல் 1 மிமீ.

ஆளின் பிழையும் கருவியின் பிழையும் நேராகக் கூட்டப்படுவதில்லை, இரண்டின் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். அதனால் 0.5 மிமீ பிழை உள்ள ரைஃபிளை எறிந்துவிட்டு அப்பழுக்கில்லாத ஒன்றைக் கொடுத்தாலும் 2.9 என்பது 2.86 ஆகும், அவ்வளவுதான். 60 ஷாட்டுக்கு 1 புள்ளி. 1 மிமீ பிழை இருந்தால் 4 புள்ளி. 610-க்குத் தேவையான 22 புள்ளி எங்கிருந்தும் வராது.

அதே கணக்கை 630 சுடுகிறவருக்குப் போடுங்கள். அவருடைய விலகலே 1.1 மிமீதான், அதில் கருவி 0.5 தின்றால் 3 புள்ளி போகிறது. அந்த மட்டத்தில் ஃபைனலுக்குள் போவதா வெளியே நிற்பதா என்பதை அது தீர்மானித்துவிடும். 1 மிமீ தின்னும் ரைஃபிளை வைத்து 630-ஐத் தொடுவதே கடினம். ஆள் தேறத் தேறத்தான் கருவியின் குறை ஸ்கோரில் தெரியும்.

ரெகுலேட்டர்:
கணக்கு சரி. ஆனால் பழைய ரைஃபிள் என்றால் கிளாம்புக்கு முன் சில வேலைகள் இருக்கின்றன. ஸ்டாக்கை (ரைஃபிளின் கட்டை) பேரல் பகுதியோடு பிடிக்கும் ஆக்ஷன் போல்ட், பின் டயாப்டரின் (கண் வைத்துப் பார்க்கும் துளை சைட்) பிடி, முன் சைட் மூன்றையும் ஆலன் கீ போட்டுப் பாருங்கள். லூசான டயாப்டர் ஒவ்வொரு சீரிஸிலும் (10 ஷாட் தொகுதி) குரூப்பை ஒரு பக்கம் நகர்த்தும். பிள்ளை அதைத் தன் தப்பு என்று நினைத்து சைட்டைத் திருகி க்ளிக் போட்டுக்கொண்டே இருக்கும்.

ஷாட்டுகள் மேலும் கீழுமாக மட்டும் சிதறினால் வேகத்தைச் சந்தேகப்படுங்கள். பெல்லட் சுமார் 170 மீ/வி வேகத்தில் போய், 10 மீட்டருக்குள் 17-18 மிமீ கீழே இறங்குகிறது. வேகம் 5 மீ/வி குறைந்தால் இன்னும் 1 மிமீ இறங்கும். காற்றழுத்தத்தை ஒரே அளவில் வைக்கும் ரெகுலேட்டரின் சீல் தேய்ந்தால் இதுதான் நடக்கும். சர்வீஸ் செலவு புது ரைஃபிளின் விலையில் ஒரு துளிகூட இல்லை. சிலிண்டரில் தயாரிப்புத் தேதியையும் பார்த்துவிடுங்கள். பொதுவாக ஆயுள் 10 வருடம். தாண்டியிருந்தால் அதில் காற்று நிரப்பவே கூடாது.

அப்புறம் பெல்லட். ஒரே பிராண்டிலேயே 4.49, 4.50, 4.51 என்று தலை அளவு வேறுபடும், லாட்டுக்கு லாட்டும் (ஒரே தடவையில் தயாரான தொகுதி) வேறுபடும். ஐந்தாறு லாட்டில் ஒவ்வொரு டின் வாங்கிச் சோதியுங்கள். நல்ல ஜோடி அமைந்தால் 10 ஷாட் ஓட்டை 5.5 மிமீக்குள் வந்துவிடும். இதே பழைய ரைஃபிளில்.

இடது_முழங்கை:
எல்லாரும் ரைஃபிளையே பிடித்துத் தொங்குகிறீர்கள். ஜாக்கெட் யாருடையது? அண்ணன் போட்டதை வாங்கிப் போட்டிருந்தால் பணத்தை முதலில் அங்கே வையுங்கள். விதிப்படி துணி ஓர் அடுக்குக்கு 2.5 மிமீ தடிமன்தான். எனவே பலன் தடிமனில் இல்லை, உடம்போடு ஒட்டி அமர்வதில் இருக்கிறது. முதுகில் தொளதொளவென்று இருந்தால் இடுப்பில் முழங்கை உட்காராது.

பொசிஷனுக்கு ஒரு சோதனை: டார்கெட்டைப் பிடித்ததும் கண்ணை மூடி இரண்டு மூச்சு விட்டுத் திறக்கச் சொல்லுங்கள். முன் சைட்டின் வளையம் பக்கவாட்டில் விலகியிருந்தால் பாதத்தை நகர்த்த வேண்டும், கையால் இழுக்கக் கூடாது. மேலோ கீழோ போனால் பட் பிளேட்டின் (தோளில் பதியும் பின்தட்டு) உயரத்தை மாற்றுங்கள். சீக் பீஸ் (கன்னம் வைக்கும் கட்டை) தாழ்ந்திருந்தால் டயாப்டரைத் தேடிக் கழுத்து நீளும், பத்து ஷாட்டுக்குள் தசை சோர்ந்துவிடும். ரைஃபிள் சாய்வும் ஷாட்டுக்கு ஷாட் ஒன்றாக இருக்கட்டும்; 5 டிகிரி மாறினால் 1.5 மிமீ பக்கவாட்டில் போகும், அதாவது 0.6 புள்ளி. ஒரு சின்ன ஸ்பிரிட் லெவல் போதும். முன் வளையம் மிகச் சிறியதாக இருந்தால் பெரிது போட்டுப் பாருங்கள். கறுப்பைச் சுற்றி வெள்ளை ஒல்லியாகத் தெரிந்தால் பதறித்தான் ட்ரிக்கரை இழுப்பார்கள்.

ரேஞ்ச்_அப்பா:
ஜாக்கெட் இரவல்தான். எங்கள் ரேஞ்சில் கிளாம்ப் இல்லையே, என்ன செய்வது?

கிளாம்ப்_கணக்கு:
மேசையில் மணல் மூட்டை வைத்து, முன்கட்டையை அதன்மேல் சாய்த்து, கிளப்பில் நன்றாகச் சுடுகிற ஒருவரை உட்கார்ந்து சுடச் சொல்லுங்கள். பேரல் மூட்டையைத் தொடக் கூடாது. 10 ஷாட் வீதம் ஐந்து கார்டு. ஒன்று மட்டும் மோசமாக வந்தால் அதை ஆளின் கணக்கில் எழுதுங்கள், ஐந்தும் 7 மிமீயைத் தாண்டினால் முதலில் பெல்லட் லாட்டை மாற்றுங்கள். அப்படியும் குறையாவிட்டால் சீலைப் பார்க்கச் சொல்லுங்கள். அது முடிந்த பிறகும் 7 மிமீதான் என்றால் கடைக்காரரிடம் பேசலாம், ஆனால் அவர் சொல்லும் 610-க்காக அல்ல.