ஹப்புத்தளையில் வெயில், ஹக்கலயில் மழை: மலைவீதிகளில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்களின் அனுபவப் பகிர்வு

வெள்ளவத்தையிலிருந்து ஒருவர்:

சென்ற ஜூலை மாதத்தில், போயா (முழுநிலா நாள்) விடுமுறையோடு சேர்ந்து வந்த வார இறுதியில், நாங்கள் நால்வர் மூன்று மோட்டார் சைக்கிள்களில் கொழும்பிலிருந்து ஹப்புத்தளைக்குச் சென்று, மறுநாள் வெலிமடை, நுவரெலியா, ஹட்டன் வழியாகச் சுற்றிக்கொண்டு வீடு திரும்பினோம். புறப்படுமுன் மூன்று வாரங்கள் இதைத் திட்டமிட்டோம். எந்தக் கடையில் சாப்பிடுவது, எந்த வளைவில் படமெடுப்பது என்பது வரை எழுதி வைத்திருந்த எங்களுக்கு, எந்த மாதத்தில் மலையின் எந்தப் பக்கம் நனைந்திருக்கும் என்று பார்க்கத் தோன்றவில்லை.

போகும் வழி எளிதானது. மோட்டார் சைக்கிள்களுக்கு அதிவேகப் பாதைகளில் இடமில்லை என்பதால், ஹைலெவல் வீதியில் மகரகமையைக் கடந்து, அவிசாவளை, இரத்தினபுரி, பலாங்கொடை என்று ஏ4 வீதியையே பிடித்துக்கொண்டு போனோம். இரத்தினபுரி வரையிலான முதல் 100 கிலோமீற்றரில் எழுதுவதற்கு ஒன்றுமில்லை. பஸ்களுக்குப் பின்னால் புகை குடித்ததைத் தவிர. பெலிஹுல்ஓயாவுக்கு அப்பால்தான் வீதி மலையின் விளிம்பைப் பற்றிக்கொண்டு ஏறத் தொடங்குகிறது. களுபஹன சந்தியிலிருந்து உள்ளே திரும்பினால், நாட்டின் மிக உயரமான நீர்வீழ்ச்சியான 263 மீற்றர் உயரமுள்ள பம்பரக்கந்தையைப் பார்க்கலாம் என்று தெரிந்தும், நேரமாகிவிட்டது என்று நாங்கள் திரும்பவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் உண்டு. கைப்பேசி வரைபடம் ஐந்தரை மணித்தியாலம் என்று காட்டிய பயணத்துக்கு எங்களுக்கு எட்டு மணித்தியாலத்துக்கு மேல் சென்றது. வரைபடத்துக்குத் தூரம் தெரிகிறது. தேயிலைக் கொழுந்து ஏற்றிய லொறிக்குப் பின்னால் முதலாவது கியரில் ஊரும் இருபது நிமிடம் தெரிவதில்லை.

பெரகலயில் இடது பக்கம் திரும்பி ஹப்புத்தளைக்கு ஏறுகையில், நண்பரின் 100 சீசீ வண்டி இருவரைச் சுமக்க மாட்டாமல் திணறியது. வண்டியில் கோளாறு ஏதும் இல்லை. உயரம் கூடக் கூடக் காற்றின் அடர்த்தி குறைவதால் என்ஜினின் வலுவும் குறைகிறது. நுவரெலியாவின் 1868 மீற்றர் உயரத்தில் அந்தக் குறைவு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. பின்னால் இருந்தவரை இறக்கி என் வண்டியில் ஏற்றிக்கொண்டோம். பைகளை யார் சுமப்பது, ஆளை யார் சுமப்பது என்பதை வெள்ளவத்தையிலேயே தீர்மானித்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை ஹப்புத்தளையில் வானம் கழுவி விட்டதுபோல் இருந்தது. ஊர் ஒரு முகட்டின் மீது அமர்ந்திருப்பதால், தெற்கே தாழ்நிலமெல்லாம் காலடியில் விரிந்து கிடந்தது. வெலிமடைப் பக்கம் புழுதி பறக்கும் அளவுக்குக் காய்ந்திருந்தது. உருளைக்கிழங்குப் பாத்திகளுக்குக் குழாய் போட்டு நீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார்கள். அங்கே ஒரு தேநீர்க் கடையில் ரொட்டியும் கட்டைச்சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, பக்கத்து வாங்கில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர், முன்பு பஸ் நடத்துநராக இருந்தவராம், எங்கே போகிறோம் என்று விசாரித்தார். சொன்னோம். தன் கோப்பையிலிருந்த பிளேன்டீயைக் குடித்து முடிக்கும் வரை அவர் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “தம்பி, இங்க வெயிலடிக்குதுன்னு நம்பி உக்காந்துறாதீங்க. ஹக்கல தாண்டினா வேற ஊரு. மூணு மணிக்குள்ள வட்டவளைய விட்டு எறங்கிடுங்க” என்றார். நாங்கள் சிரித்துவிட்டு இன்னுமொரு ரொட்டி கேட்டோம்.

ஹக்கலப் பூங்காவை நெருங்குகையில் அவர் சொன்னதைக் கண்ணால் கண்டோம். ஒரு வளைவுக்கு இந்தப் பக்கம் வீதி வெண்சாம்பலாகக் காய்ந்திருந்தது. வளைந்து திரும்பியதும் அது கறுத்து மினுங்கியது. இடையில் கோடு போட்டதுபோல் ஓர் எல்லை இருந்தது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மழையை மேற்குச் சரிவிலேயே கொட்டித் தீர்த்துவிடுவதால், ஹப்புத்தளை, வெலிமடை அடங்கிய ஊவாப் பக்கத்துக்கு வந்து சேர்வது காய்ந்த காற்று மட்டுமே. ஊவாத் தேயிலைக்குப் பெயர் வாங்கிக் கொடுப்பதும் ஜூலைக்கும் செப்டெம்பருக்கும் இடைப்பட்ட அந்தக் காற்றுத்தான் என்று பாடசாலையில் படித்திருந்தேன். படித்ததற்கும் மோட்டார் சைக்கிள் ரயருக்கும் தொடர்புண்டு என்பது அந்த வளைவில்தான் உறைத்தது.

தலவாக்கலையைக் கடந்து, சென்கிளயர் நீர்வீழ்ச்சியைப் பனிமூட்டத்தில் இரைச்சலாக மட்டும் கேட்டுவிட்டு, ஹட்டனை அடைந்தபோது நான்கு மணியாகிவிட்டது. வட்டவளை, கினிகத்தேனைப் பகுதிகளில் ஆண்டு மழைவீழ்ச்சி 5000 மில்லிமீற்றரைத் தொடும். கொழும்பில் பெய்வதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. அந்த மழைக்குள் நாங்கள் இறங்கினோம். முன்விளக்கைத் தூர ஒளியில் வைத்தால் பனிமூட்டம் வெள்ளைச் சுவராகித் திரும்பி முகத்தில் அடித்தது. கிட்ட ஒளியில் பத்தடி தெரிந்தது. யூக்கலிப்டஸ் மரங்களுக்கடியில் (தோட்டங்களில் டர்பன்டைன் என்பார்கள்) நனைந்த இலைகள் வீதியில் மெத்தைபோல் ஒட்டிக் கிடந்தன. அவற்றின் மீது பின் சக்கரம் ஒரு முறை தனியாக நடனமாடிவிட்டு, எப்படியோ திரும்பி வந்தது. கித்துல்கலயில் நிறுத்திக் கையுறையைக் கழற்றிப் பிழிந்தபோது, விரல்கள் கிளச்சைப் பிடித்த வடிவிலேயே மடங்கியிருந்தன. கொழும்பை அடைய இரவு பத்தரையானது.

கொட்டாஞ்சேனையில் வசிக்கும் பொகவந்தலாவைப் பெண் ஒருவர்:

அண்ணா, உங்கள் அனுபவத்தை வாசித்தேன். நீங்கள் அழகு பார்க்கப் போன வீதியில் நான் ஒவ்வொரு தீபாவளிக்கும் வீட்டுக்குப் போகிறேன். ஆகவே என் அனுபவம் சற்று வேறு மாதிரியானது.

என்னிடம் இருப்பது கியர் இல்லாத ஸ்கூட்டர். ஏறும்போது அது பிழையில்லை. ஆபத்து இறக்கத்தில்தான் இருக்கிறது. கியர் வண்டியை இரண்டாவது கியரில் விட்டால் என்ஜினே வேகத்தைப் பிடித்துவைக்கும். ஸ்கூட்டரில் அந்தப் பிடிப்பு குறைவு என்பதால் எல்லாச் சுமையும் பிறேக்கின் மீது விழுகிறது. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, ஹட்டனிலிருந்து திரும்பும் வழியில், பிறேக்கை அழுத்தியபடியே இறங்கிக்கொண்டிருந்த எனக்கு முதலில் ஏதோ தீய்ந்த நாற்றம் வந்தது. முன்னால் போகும் லொறியிலிருந்து வருவதாக நினைத்தேன். அடுத்த வளைவில் பிறேக் பிடி கைப்பிடியைத் தொடும் வரை வந்தும் வண்டி நிற்கவில்லை. வலப்பக்கம் பள்ளம், இடப்பக்கம் மண்மேடு. மண்மேட்டின் அடியிலிருந்த வடிகாலுக்குள் வண்டியை விட்டேன். முழங்காலில் தோல் போனது, வேறொன்றும் இல்லை. கொழுந்தை எடை போட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த அம்மாமார் இருவர் வந்து வண்டியைத் தூக்கிவிட்டு, சக்கரத்தில் தண்ணீர் ஊற்றப் போன என்னைத் தடுத்தார்கள். “சூட்டுல தண்ணி ஊத்தாத புள்ள, வெடிச்சிரும். அரை மணி நேரம் ஆற வை” என்றார் ஒருவர். அவருடைய மகன் கராஜில் வேலை செய்கிறாராம்.

அதற்குப் பின், இறக்கத்தில் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை நிறுத்துகிறேன். பிறேக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டே இறங்காமல், அழுத்தி, விட்டு, மீண்டும் அழுத்துகிறேன். நேரம் கூடத்தான் செல்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கொண்டை ஊசி வளைவில் நேரே பார்ப்பதைவிட, அதற்கு முன்பே மேலே நிமிர்ந்து பார்க்க வேண்டும். மேலடுக்கு வீதியில் பஸ் வருவது அப்போதே தெரிந்துவிடும். பஸ்ஸுக்கு வளைவு முழுவதும் வேண்டும். உங்கள் பாதி என்று அங்கே ஒன்றுமில்லை. காலை ஏழு மணிக்கும் பிற்பகல் இரண்டு மணிக்கும் பாடசாலைப் பிள்ளைகள் வீதியோரமாக நடந்து போவார்கள். நடைபாதை கிடையாது. கொழும்பிலிருந்து வருகிறவர்கள் கூட்டமாகச் சத்தம் எழுப்பிக்கொண்டு லயங்களுக்கு (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) நடுவே பறந்து போவதைப் பற்றி எங்கள் வீட்டில் என்ன சொல்வார்கள் என்பதை இங்கே எழுதாமல் விடுகிறேன்.

தெஹிவளையிலிருந்து வயதில் மூத்த ஒருவர்:

நான் 1990களிலிருந்து இந்த வீதிகளில் ஓடுகிறேன். அந்த நாட்களில் எங்களைப் போன்றவர்கள் வளைவுகளுக்கு நேரம் கணக்கிட்டதைவிடச் சோதனைச் சாவடிகளுக்கு நேரம் கணக்கிட்டதே அதிகம். அடையாள அட்டையைச் சட்டைப் பையிலிருந்து எடுப்பதும் வைப்பதுமாகவே பாதிப் பயணம் கழியும். இப்போது வாகன வருமான அனுமதிப்பத்திரமும் காப்புறுதியும் சாரதி அனுமதிப்பத்திரமும் மழை படாத உறைக்குள் இருந்தால் போதும்.

நான் எழுத வந்தது மண்சரிவைப் பற்றி. 2014 ஒக்ரோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. அதற்கு இரண்டு நாட்களுக்கு முன்பு நான் பெரகலயிலிருந்து கொஸ்லந்தை வழியாக வெல்லவாயவுக்கு இறங்கியிருந்தேன். வீதியில் ஆங்காங்கே முஷ்டியளவு கற்கள் உருண்டு கிடந்தன. வழக்கமாகத் தெளிந்த நீர் வழியும் ஓரிடத்தில் தேநீர் நிறத்தில் சேற்றுநீர் வந்துகொண்டிருந்தது. சக்கரம் வழுக்காமல் அவற்றைத் தவிர்த்து ஓட்டியதை என் திறமை என்று அப்போது நினைத்துக்கொண்டேன். அவை எதைச் சொல்லின என்பது செய்தியைக் கேட்ட பிறகே விளங்கியது. புதிதாகக் கசியும் கலங்கல் நீர், சாய்ந்த மின்கம்பம், வீதியில் பிளந்த கோடு, காரணமில்லாமல் உருளும் சிறு கற்கள் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் இப்போது நான் வண்டியைத் திருப்பிவிடுகிறேன்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகம் மண்சரிவு எச்சரிக்கைகளை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று நிலைகளில் வெளியிடுகிறது. மஞ்சள் என்றால் போகலாம் என்று இளைஞர்கள் பொருள் கொள்கிறார்கள். அது அந்த மண்ணில் வசிப்பவர்களை விழிப்பாக இருக்கச் சொல்வது. வேடிக்கை பார்க்கப் போகிறவருக்கு மஞ்சளே போதுமான காரணம். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலுக்குப் பின் மலையகத்தில் பல சரிவுகள் இன்னும் இளகிய நிலையில் இருக்கின்றன. பழைய படங்களைப் பார்த்து வழியைத் தீர்மானிக்காமல், முதல் நாள் மாலையில் அந்த ஊரிலிருக்கும் யாரிடமாவது தொலைபேசியில் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்.

நானுஓயாவிலிருந்து ரதல்ல வழியாக இறங்கும் குறுக்குப் பாதையைப் பற்றி ஒரு வரி. தூரம் மிச்சமாகும், உண்மைதான். 2023 ஜனவரியில் அங்கே நடந்த விபத்தில் 7 பேர் இறந்தார்கள். நான் அந்தப் பாதையில் போவதில்லை.

மீண்டும் வெள்ளவத்தையிலிருந்து:

ஐயா, தங்கச்சி, இருவருக்கும் நன்றி. நாங்கள் அடுத்த பயணத்தைப் பெப்ரவரிக்கு மாற்றியிருக்கிறோம். ஜனவரி முதல் மார்ச் வரை ஹட்டன், டிக்கோயாப் பக்கம் காய்ந்திருக்கும். அதே காலத்தின் தொடக்கத்தில் பதுளைப் பக்கம் வடகீழ்ப் பருவமழையில் நனையும். ஆகவே இம்முறை ஊவாவுக்குப் போகாமல், அவிசாவளை, கினிகத்தேனை, ஹட்டன், நோர்வூட், பொகவந்தலாவை வரை போய் அதே வழியில் திரும்புவதாக இருக்கிறோம். சிவனொளிபாதமலை யாத்திரைப் பருவமும் அதுவே என்பதால் வார இறுதியில் ஹட்டன் வீதி பஸ்களால் நிறைந்திருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை லீவு எடுத்திருக்கிறோம். 100 சீசீ வண்டிக்காரர் தனியாக வருகிறார். காலை நான்கு மணிக்குப் புறப்பட்டால் எட்டு மணியளவில் ஹட்டனில் இருக்கலாம். எங்கே இருந்தாலும் நண்பகல் பன்னிரண்டுக்கு வண்டியைத் திருப்புவதாக நால்வரும் ஒத்துக்கொண்டோம். பொகவந்தலாவையை அடையாமலே திரும்ப நேரலாம். அதற்கு ஒருவர் மட்டும் முணுமுணுத்தார்.

கொட்டாஞ்சேனையிலிருந்து:

பாடசாலை நேரத்தில் டிக்கோயாவுக்குள் நுழையாமல், ஹட்டனிலேயே தேநீர் குடித்துவிட்டு எட்டரைக்கு மேல் இறங்குங்கள் அண்ணா. நோர்வூட் பாலத்தைக் கடக்கும்போது வேகத்தைக் குறையுங்கள், மாடுகள் நிற்கும். பொகவந்தலாவைக் கடைத்தெருவில் ரொட்டி பத்து மணிக்குள் தீர்ந்துவிடும்.