1973 ஜூலை: ஸ்பிரிங்ஸ்டீனுக்கு முன்னால் வெய்லர்ஸைப் பாடவைத்தது சரியா?

பழையதட்டு:
நியூயார்க்கின் மேக்ஸஸ் கான்சாஸ் சிட்டி கிளப்பின் மாடியறையில் 1973 ஜூலையில் சில இரவுகள் அமெரிக்க ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனும் ஜமைக்காவின் ரெக்கே இசைக்குழுவான வெய்லர்ஸும் ஒரே மேடையில் பாடினார்கள். ஸ்பிரிங்ஸ்டீனே தலைமைக் கலைஞர். பாப் மார்லி, பீட்டர் டாஷ் இருந்த குழு அவருக்கு முன்னால் பாடியது. இதைப் பலர் பொற்காலம் போலக் கொண்டாடுவது எனக்கு விளங்கவில்லை. ஜமைக்காவில் ஏறத்தாழப் பத்தாண்டுகள் பாடிப் பெயரெடுத்த ஒரு குழுவை, அந்த ஆண்டு ஜனவரியில்தான் முதல் இசைத்தட்டை வெளியிட்டிருந்த நியூஜெர்சி இளைஞர் ஒருவருக்கு முன்னால், ரசிகர்கள் இருக்கை பிடித்து அமரும் நேரத்தில் பாடவைத்தது அவமதிப்பே.

மணல்மேடு:
ஜமைக்காவின் புகழ் அன்றைய அமெரிக்காவில் செல்லுபடியாகவில்லை என்பதைத் தாங்கள் மறந்துவிட்டீர்கள். ஐலண்ட் இசைத்தட்டு நிறுவனத்தின் கிறிஸ் பிளாக்வெல், ராக் ரசிகர்களை மனத்தில் வைத்தே, அலபாமாவைச் சேர்ந்த வெய்ன் பெர்கின்ஸின் கிதாரை லண்டனில் சேர்த்து அவர்களுடைய தட்டை அந்த ஆண்டுதான் வெளியிட்டிருந்தார். அந்த ரசிகர்கள் எங்கே இருந்தார்களோ அங்கே போய்ப் பாடியதில் என்ன இழிவு? மேலும், முதலில் பாடுகிறவரின் நிலை ஸ்பிரிங்ஸ்டீனுக்குத் தெரியாததன்று. அதற்கு முந்தைய மாதம் அவரே சிகாகோ என்னும் ராக் குழுவுக்கு முன்னால் பேரரங்குகளில், யாரும் காது கொடுக்காத குறுகிய நேரத்தில் பாடி நொந்து, இனிமேல் அப்படிப் பாடுவதில்லை என்று முடிவெடுத்திருந்தார்.

நான்காம்தந்தி:
நான் பேஸ் கிதார் வாசிப்பவன். இருவரும் மேடையைப் பார்க்காமலே பேசுகிறீர்கள். சிறிய கிளப்பில் தலைமைக் கலைஞரின் டிரம்ஸும் பெட்டிகளும் முதலிலேயே இடத்தைப் பிடித்துக்கொள்வதால், முன்னால் பாடும் குழுவுக்குப் பெரும்பாலும் மைக் கம்பிகளுக்கிடையே இரண்டடி அகலம்தான் மிஞ்சும். நானும் ஒருமுறை சுவரில் முழங்கை இடிக்க இடிக்க முழு நிகழ்ச்சியையும் வாசித்திருக்கிறேன். ஆனால், ரெக்கேக்குச் சிறிய அறை வாய்த்தது நல்லதே. வெய்லர்ஸின் டிரம்ஸ் கலைஞர் கார்ல்டன் பாரெட் தம் 'ஒன் டிராப்' முறையில் நான்கடித் தாளத்தின் முதல் அடியை வெறுமையாக விட்டு மூன்றாம் அடியில் அழுத்தம் வைப்பார். அந்த வெற்றிடத்தில் அண்ணன் ஆஸ்டனின் பேஸ் வந்து உட்காரும். பேரரங்கில் எதிரொலி அந்த இடைவெளியை நிரப்பிக் கெடுத்துவிடும்.

பழையதட்டு:
அறையைப் பற்றி நண்பர் சொன்னதை ஏற்கிறேன், ஆனால் என் கேள்வி அறையைப் பற்றியதன்று. அந்த அமெரிக்கப் பயணத்தில் குழுவின் மூன்றாம் பாடகரான பன்னி வெய்லர் வரவில்லை; இங்கிலாந்துப் பயணத்தோடு போதும் என்று அவர் ஊரிலேயே தங்கிவிட்டார். மூன்று குரல்களின் இணைப்பால் எழுந்த குழு ஒரு குரலை இழந்து மாற்று ஆளோடு வந்தது என்றால், இப்படிப்பட்ட பயணங்கள் அவர்களிடமிருந்து பறித்தது எவ்வளவு என்று பாருங்கள். அக்டோபரில் ஸ்லை அண்ட் தி ஃபேமிலி ஸ்டோன் என்னும் அமெரிக்கக் குழுவுக்கு முன்னால் பாடப்போய்ச் சில நிகழ்ச்சிகளிலேயே விலக்கப்பட்டார்களே, அதுவும் இதே ஏற்பாட்டின் தொடர்ச்சிதான்.

மணல்மேடு:
'மாற்று ஆள்' என்று ஒரே சொல்லில் கடந்துவிட்டீர்கள். வந்தவர் ஜோ ஹிக்ஸ். ஜமைக்காவின் டிரெஞ்ச் டவுன் பகுதியில் அந்த மூவருக்கும் சேர்ந்து பாடுவதைக் கற்றுக்கொடுத்ததே அவர்தான். சீடர் வராத இடத்தில் ஆசான் நின்று பாடியதை எந்தக் கணக்கில் இழப்பு என்பீர்கள்? ஸ்லை பயணத்தில் நடந்தது, சிகாகோவுக்கு முன்னால் ஸ்பிரிங்ஸ்டீனுக்கு நேர்ந்ததைப் போன்றதே: வேறொருவருக்காகத் திரண்ட பெருங்கூட்டத்தின் முன் நிற்கும் துன்பம். அதை இந்த மாடியறையோடு சேர்த்துக் கட்டாதீர்கள். பின்னாளில், 1981இல், ஜமைக்க ரெக்கே பாடகர் ஜிம்மி கிளிஃபின் பாடலொன்றை ஸ்பிரிங்ஸ்டீன் மேடையில் பாடத் தொடங்கினார். ரெக்கே அவர் காதில் தங்கியிருந்தது என்றே நான் கொள்கிறேன்.

பழையதட்டு:
எட்டாண்டு கழித்து வேறொரு பாடகரின் பாட்டை எடுத்ததற்கு இந்த ஜூலை இரவுகள்தான் காரணம் என்பது தங்கள் விருப்பம்; சான்றாகாது. ஹிக்ஸைப் பற்றி நான் எழுதியதை மட்டும் திரும்பப் பெறுகிறேன், ஏனெனில் அவரை மாற்று ஆள் என்று அழைத்தது என் பிழை. ஆசானையே அழைத்துவந்த குழுவை முதலில் பாடவிட்டார்கள் என்னும்போது என் மனக்குறை கூடுகிறதே தவிரக் குறையவில்லை.