செதில், முகடு, குருணை: சேர்வராயன் மலையில் கண்ணில் பட்டதை எழுதுங்க

கொளகூர்க்காரன்:
குப்பனூர் ரோடு, மழை விட்ட காலை, வண்டியில் அடிபட்ட கேடயவால் பாம்பு. படத்தோடு வந்த விவரம்: "கறுப்பு, மினுமினுப்பு, வால் செம்பழுப்பு". அந்தச் செம்பழுப்புதான் இன்னும் உறுத்துது. அது நிறமே இல்லைங்க, மண்ணு. உடம்புச் செதில் வழவழன்னு இருக்கும். சாய்ச்சுப் பார்த்தா நீலமும் ஊதாவும் ஓடும், அதுவும் சாயம் கிடையாது. செதில் மேல்பரப்போட நுண்ணமைப்பு வெளிச்சத்தைப் பிரிக்குது. வால் நுனியில் எல்லாமே வேற. சாய்வா அறுத்த குச்சி மாதிரி ஒரு தட்டை, அதில் செதிலுக்குச் செதில் முகடு, அதாவது மேலே எழும்பின கோடு. முகடுகளுக்கு நடுவில் மண் அப்பிக்கிட்டு, பின்னாலிருந்து வளையை அடைக்கிற மூடி ஆயிடும். ஈரப் பஞ்சால் ஒத்தி எடுத்தாத்தான் நிஜ நிறம் தெரியும். 1863இல் பெடோம்ங்கிற ஆங்கிலேய ஆய்வாளர் இந்த மலையில் கிடைச்ச கேடயவால் பாம்பு ஒன்றையே புது இனமா விவரிச்சிருக்கார். அதோட ஒப்பிட வால் தட்டை படம் வேணும், முதுகுப் படம் எத்தனை இருந்தும் பத்தாது.

சட்டை சேகரம்:
நாகலூர் பக்கம் காப்பி குடோன், ஓட்டு இடுக்கில் உரிஞ்ச சட்டை. மங்கலாப் பட்டை தெரிஞ்சதும் "கட்டுவிரியன்"னு பேர் விழுந்துருச்சு. பட்டையை விட்டுட்டுச் செதிலை எண்ணணும். வெதுவெதுப்பான தண்ணியில் ஊறவிட்டு, வயிற்றுப் பக்கம் நீளவாக்கில் கத்தரியால் பிளந்து கண்ணாடி மேல விரிங்க. மலத்துவாரத்துக்கு முன்னாடியே கத்தரியை நிறுத்திடணும், வாலடிச் செதில் கெடக் கூடாது. நடு உடம்பில், அகலமான வயிற்றுச் செதிலை ஒட்டிய வரிசைதான் ஒண்ணு. அங்கிருந்து சாய்வா மேலேறி மறுபக்கம் இறங்குங்க. வயிற்றுச் செதில் கணக்கில் சேராது. கட்டுவிரியனுக்கு 15 வரிசை, அதே மாதிரிப் பட்டை போட்ட, விஷமில்லாத வெள்ளிக்கோல் வரையனுக்கு 17. இதில் 17. முதுகு நடுவரிசையும் பெருசா இல்லை, வாலடிச் செதில் ரெண்டு ரெண்டாப் பிரிஞ்சிருந்தது. வரையன்தான்.

இன்னொண்ணு: சட்டை உள்வெளியாப் புரண்டுதான் கழலும். கண்ணாடி விரியன் சட்டையில் முகடு பள்ளமாத் தெரியறது அதனாலதான். நீளத்தையும் அப்படியே பாம்பு நீளம்னு எழுதாதீங்க, உரியும்போது தோல் இழுபடும்.

மஞ்சக்குட்டை:
சட்டை அண்ணா, 17னு முடிச்சுட்டீங்க. துண்டாக் கிழிஞ்ச சட்டையில் நடு உடம்பு எதுன்னு எப்படிச் சொல்வீங்க? சாரைக்கு நடுவில் இருக்கிற வரிசை வாலுக்குக் கிட்ட வரும்போது குறைஞ்சிடும். எண்ணிக்கை எப்பவும் கடைசிச் சாட்சிதான். அறுகோணமாப் பெருத்த முதுகு நடுவரிசை, பிரியாத வாலடிச் செதில், இந்த ரெண்டும் இருந்தா கட்டுவிரியன். விரலளவு துண்டு கிடைச்சாலும் முதல் அடையாளம் தெரிஞ்சிடும். கொளகூராருக்கு ஒண்ணு: துடைக்கிறதுக்கு முன்னாடி மண்ணோட ஒரு படம் எடுங்க, அதுவும் தகவல்தான். அடிபட்டுக் கிடக்கிறது விரியனா இருந்தா கிட்டயே போகாதீங்க, செத்த தலையும் கொஞ்ச நேரம் கடிக்கும்.

அரபிகா:
காப்பித் தண்டில் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் வண்டு. இறக்கையுறையில், அதாவது மேலே மூடுற கெட்டி இறக்கையில், வெள்ளை வரி இல்லை, அதனால் வேற வண்டுன்னு ஒரே சண்டை. 10 மடங்கு லென்ஸில் பாருங்க, அந்த வெள்ளை சாயம் இல்லை, படிஞ்ச மயிர். உரசினா உதிரும். வயசான வண்டில் வரி பாதி அழிஞ்சிருந்தா "மயிர் உதிர்ந்தது"ன்னு எழுதணும், "வரியில்லாதது"ன்னு எழுதக் கூடாது.

கேட்காமலே சொல்றேன். இது முட்டை வைக்கிறது பட்டை வெடிப்பில். வண்டு பறக்கிறது ஏப்ரல், மே, அப்புறம் அக்டோபர் முதல் டிசம்பர். அதுக்கு முன்னாடி மெயின் தண்டிலும் பருத்த கிளையிலும் தொங்குற பட்டையைத் தேங்காய் நார்க் கையுறையால் தேய்ச்சு எடுங்க. கத்தி வேண்டாம், பச்சைப் பட்டை காயப்பட்டுடும். 200 லிட்டர் தண்ணியில் 20 கிலோ சுண்ணாம்பு கலந்து வடிகட்டித் தண்டு நனைய அடிக்கலாம். வடிகட்டாட்டி நாசில் அடைச்சுக்கும். நிழல் குறைஞ்ச இடத்தில்தான் தாக்குதல் ஜாஸ்தி, சில்வர் ஓக்கை ஒரேயடியா மொட்டையடிக்காதீங்க. வளையம் வளையமாத் தண்டில் மேடு தெரிஞ்சா புழு உள்ளே போயாச்சு. செடியைப் பிடுங்கிக் கொளுத்தறதைத் தவிர வழியில்லை.

பாறைப்பல்லி:
செதில் பேசற இடத்தில் சுண்ணாம்பு எதுக்குன்னு தெரியலை, போகட்டும். 2000இல் தாஸ், பாவர்ங்கிற ரெண்டு ஆய்வாளர்கள் ஏற்காடு பேர் வெச்சே விவரிச்ச பகல்பல்லி இருக்கு, கண்மணி வட்டமா இருக்கும். அந்த வகைப் பல்லிகளைப் பற்றி வர்ற குறிப்பெல்லாம் "சொரசொரப்பு"ன்னே முடியுது. முதுகு பூராவும் ஒரே அளவுக் குருணையா (நொய் மாதிரிச் சின்னச் செதில்), நடுநடுவே பெரிய முண்டு இருக்கா, முண்டில் முகடு உண்டா, விலாவில் முள் மாதிரி நீட்டுதா, தனித்தனியா எழுதுங்க. நேர் ஃபிளாஷ் அடிச்சா எல்லாம் தட்டையாத் தெரியும். டார்ச்சைப் பாறையோட ஒட்டிப் பிடிச்சுப் பக்கவாட்டில் வெளிச்சம் விடுங்க, முண்டுக்கு நிழல் விழும், குருணைக்கு விழாது.