புதுப்பிப்பு: ஆட்டுக்கு ரோமம் வெட்டப் பழகுகிறேன்
"ஒரு ஆட்டுக்கு 20 நிமிஷம் ஆகுது, இடுப்பு போச்சு" என்று போன மாதம் புலம்பியிருந்தேன் இல்லையா? நியூசிலாந்துப் பண்ணையில் இன்னும் தாக்குப்பிடிக்கிறேன். இப்போது 7 நிமிஷம்.

தப்பு என் கையில் இல்லை, காலில்தான். ஆட்டைப் பின்புறம் ஊன்றி உட்காரவைத்து, முதுகை என் முழங்காலில் சாய்த்துவிட்டால் குளம்புக்குத் தரை எட்டாது, அடங்கிவிடுகிறது. நியூசிலாந்தின் பெயர்பெற்ற ரோமம் வெட்டுநர் காட்ஃப்ரே போவன் பரப்பிய முறை இது. இடது கை தோலை இழுத்துப் பிடித்தபடியே இருக்கணும். சுருக்கம் விழுந்தால் வெட்டும் மெஷினின் சீப்பு போன்ற பல் தோலையே கிழித்துவிடும். வயிற்று ரோமம் முதலில், அது தனிக் குவியல். ஒரே இடத்தில் இரண்டாம் தடவை ஓட்டினால் துண்டு ரோமம் விழுந்து தரம் போய்விடும். அதில் நான் இன்னும் மோசம்.

வெட்டுவதற்கு முந்தின ராத்திரி ஆட்டுக்குத் தீனி போடாதே என்று போன பதிவில் சொன்னவருக்கு நன்றி. வயிறு நிறைந்த ஆடுதான் அதிகம் உதைத்தது.

இடுப்பு? வலிக்கத்தான் செய்கிறது.