பாலாற்று ஊத்துத் தண்ணி: எடுத்த அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்களேன்

பள்ளிகொண்டா பேத்தி:
எங்க ஆயா உயிரோட இருந்தவரைக்கும் "ஆத்துல ஊத்து தோண்டிதான் குடிச்சோம்"னு சொல்லிட்டே இருப்பாங்க. எனக்கு விவரம் தெரிஞ்சதுல இருந்து வீட்ல மோட்டார் தண்ணிதான். காய்ஞ்ச மணலைத் தோண்டினா தண்ணி எப்படி வரும்? கலங்கலா இருக்காதா? வீட்ல யார் போவாங்க? கையால செஞ்சவங்க யாராவது இருந்தா எழுதுங்க.

ஆத்தோரத் தெரு:
நான் செஞ்சிருக்கேன் கண்ணு. எங்களுக்கு விரிஞ்சிபுரம் பக்கம். எழுபதுகள்ல நான் தாவணி போட்ட பொண்ணு. பாலாறு வருஷம் பூரா ஓடுற ஆறு இல்ல. வெள்ளம் வடிஞ்சா கண்ணுக்கெட்டின வரைக்கும் மணல்தான். ஆனா அடியில தண்ணி இருந்துகிட்டேதான் இருக்கும். தை மாசத்துல முழங்கை ஆழம் தோண்டினா போதும். சித்திரை, வைகாசியில குழிக்குள்ள எறங்கி நின்னுதான் மொள்ளணும்.

மொதல்ல கலங்கலாத்தான் வரும். அதைக் கொட்டாங்குச்சியால மொண்டு மொண்டு வெளிய ஊத்திடணும். ஓரத்து மணல் சரியாம கையால அணைச்சு விட்டுட்டு, தெளியிற வரைக்கும் பக்கத்துலயே குந்தியிருக்கணும். அடியில மணல் பொரி மாதிரி குதிக்கும் பாரு, அதுதான் ஊத்துக்கண்ணு. அது தெரிஞ்சப்புறம் குடத்து வாயில வெள்ளைத் துணியைக் கட்டி, ஊத்தைக் கலக்காம மேலாப்புல மொண்டு ஊத்துவோம். அவசரப்பட்டு அடியைத் தொட்டுட்டா மறுபடி மொதல்ல இருந்து. தலையில சும்மாடு வச்சு ஒரு குடம், இடுப்புல ஒரு குடம். வெயில் ஏறிட்டா மணல்ல கால் வைக்க முடியாது, அதனால கருக்கல்லயே கிளம்பிடுவோம்.

இந்தத் தண்ணியைக் குடிக்கவும் உலை வைக்கவும் மட்டும்தான் அம்மா எடுக்க விடுவாங்க. பாத்திரம், துணிக்கெல்லாம் கிணத்துத் தண்ணி.

யார் போவாங்கன்னு கேட்ட இல்ல? பொம்பளைங்கதான். எங்க வீட்டு ஆம்பளைங்க ஒருத்தரும் குடத்தைத் தொட்டு நான் பார்த்ததில்ல. செவ்வாக்கிழமை பொய்கை மாட்டுச் சந்தைக்குப் போயிட்டு வந்து அப்பா திண்ணையில உக்காந்து ஒரு செம்பு தண்ணி கேப்பாரு. அம்மா மாசமா இருந்தப்பவும் அந்தச் செம்புக்குத் தண்ணி ஆத்துல இருந்து அவங்க தலையிலதான் வந்துச்சு. ஊத்துத் தண்ணி ருசின்னு எல்லாரும் சொல்றாங்க. ருசிதான், நான் மறுக்கல. அம்மாவுக்குக் கடைசி வரைக்கும் தீராத கழுத்து வலியையும் சேர்த்துச் சொல்லணும்.

ஆம்பூர்க்காரன்:
அம்மா, நீங்க எழுதினதைப் படிச்சதும் எங்க வீட்டு அடுப்படி ஞாபகம் வந்துடுச்சு. எங்க பக்கம் தோல் பதனிடுற டேனரிகளோட கழிவு எறங்கி, கிணத்துத் தண்ணி உப்பாப் போச்சு. அந்தத் தண்ணியில துவரம்பருப்பைப் போட்டா எவ்வளவு நேரம் கொதிச்சாலும் மலராது, அப்படியே முழிச்சுகிட்டு நிக்கும். சோப்பு நுரைக்காது. சமையலுக்குன்னு தனியா குடம் காசு கொடுத்து வாங்கணும். மாசக் கடைசியில அம்மா பருப்பையே விட்டுட்டுப் புளிக்கொழம்புக்குப் போயிடுவாங்க. வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்குல 1996-ல உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தினவங்கதான் நஷ்டத்துக்கு ஈடு கட்டணும்னு தீர்ப்பு சொல்லிச்சு. கூடுதல் தண்ணி, கூடுதல் விறகுன்னு பொம்பளைங்க வருஷக்கணக்கா செலவழிச்சாங்களே, அதுக்கு யார் கணக்கு பார்த்தாங்க?

பள்ளிகொண்டா பேத்தி:
ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. அம்மா, இன்னொண்ணு கேக்கணும். ஒரு தடவை தோண்டின ஊத்து மறுநாளும் அப்படியே இருக்குமா?

ஆத்தோரத் தெரு:
இருக்காதும்மா. ராத்திரியில மணல் சரிஞ்சிடும், இல்ல ஆடு மாடு மிதிச்சிடும். சுத்தி முள்ளு வெட்டிப் போட்டு வைப்போம், அப்படியும் காலையில போயி தூர் எடுக்கணும். மொதல்ல போறவங்க தோண்டுவாங்க, பின்னால வர்றவங்க அவங்களுக்குக் குடம் தூக்கி விடணும். அது எங்க தெருவுல எழுதாத சட்டம். சண்டை போட்டுகிட்டு பேசாம இருக்கிறவங்க கூட அங்க கை குடுப்பாங்க.

இப்ப நெறைய எடத்துல மணலையே அள்ளிட்டாங்க, கட்டாந்தரைதான் தெரியுது. 2021 நவம்பர்ல வெள்ளம் வந்தப்ப ஓரமா கொஞ்சம் மணல் சேர்ந்துச்சு. கார்த்திகை கழிச்சு வா, அந்த மாதிரி எடமாப் பார்த்துத் தோண்டிக் காட்டுறேன். குடிக்க மட்டும் வேணாம், மேல இருந்து என்னென்ன கலந்து வருதோ.