கொம்பு உடைந்தது எதனால்? இலவச வடிவமைப்பு மென்பொருள்கள் குறித்த விவாதம்

வியாசர்பாடி இளையவன்:
“இலவச மென்பொருளில் தமிழ் எழுதினால் கொம்பு உடையும், அது தொழில்முறை மென்பொருளே அல்ல, அதில் வேலை செய்கிறவர்கள் பொழுதுபோக்குக்காரர்கள்” என்று அச்சகர் ஐயா நேற்று எழுதியிருந்ததைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. எங்கள் பகுதிக் கால்பந்துக் குழுக்களுக்கு நான்கு ஆண்டுகளாகக் கிம்ப், இங்க்ஸ்கேப் என்னும் இலவச வடிவமைப்பு மென்பொருள்களில்தான் சுவரொட்டி செய்து தருகிறேன். ‘போட்டி’, ‘கோப்பை’, ‘கொடியேற்றம்’ ஆகிய எல்லாச் சொற்களிலும் கொம்பு வருகிறது, ஒன்றுகூட உடைந்ததில்லை. கணினிகளில் எழுத்துகளைச் சேமிப்பதற்கான பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் ‘கெ’ என்ற எழுத்து முதலில் ககரமாகவும் அதன் பின்னால் கொம்பாகவும்தான் சேமிக்கப்படுகிறது. திரையில் கொம்பை முன்னால் கொண்டுவந்து நிறுத்துவதற்குத் தனி நிரல் வேண்டும். கிம்ப்பும் இங்க்ஸ்கேப்பும் அந்த வேலையைப் பாங்கோ, ஹார்ஃப்பஸ் என்னும் நிரல்தொகுப்புகளிடம் ஒப்படைக்கின்றன. மாறாக, மாதச் சந்தா கட்டி வாங்கும் ஃபோட்டோஷாப்பின் சில பதிப்புகளில் தெற்காசிய எழுத்துகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்கத் தவறினால், கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நின்றுவிடும். உண்மை இப்படியிருக்க, பழியை இலவச மென்பொருளின்மேல் போடுவது நியாயமா ஐயா?

ஆண்டர்சன் தெரு அச்சகர்:
தம்பி, உள்ளே எந்த நிரல் ஓடுகிறது என்பது எனக்குத் தேவையில்லை. என் மேசைக்கு வந்த கோப்பில் என்ன இருந்தது என்பதுதான் தேவை. சென்ற மாதம் காசிமேட்டிலிருந்து ஒருவர் இங்க்ஸ்கேப்பில் செய்த திருவிழா அழைப்பிதழைக் கொண்டுவந்தார். காசு கொடுத்து வாங்கிய வடிவமைப்பு மென்பொருளான கோரல் டிராவில் திறந்தேன். ‘கொடியேற்றம்’ என்ற சொல்லில் கொம்பு ஒரு பக்கம், ககரம் ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று பிரிந்து கிடந்தது. 1998-இல் பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கர் 6.5-இல் தட்டச்சு செய்யத் தொடங்கியவன் நான். அந்நாள் முதல் என் கையால் செய்த எந்த அட்டையிலும் கொம்பு பிரிந்ததில்லை. கண்ணால் கண்டதைச் சொன்னேன்.

ராயபுரம் ஓவியை:
இருவரிடமும் ஒன்று கேட்க விரும்புகிறேன். ‘தொழில்முறை மென்பொருள்’ என்று எதைச் சொல்கிறோம்? அச்சுக்குப் போகும் கோப்பைத் தருவதா, காசு கொடுத்து வாங்குவதா, அதை வைத்து ஒருவர் பிழைப்பதா? நான் கிரிதா என்னும் ஓவிய மென்பொருளில் படம் வரைகிறேன். அதில் அச்சுக்கான நான்கு வண்ண முறையிலேயே நேரடியாக வரைய முடியும். அதற்கும் கட்டணம் இல்லை. இதைத் தெளிவுபடுத்திக்கொண்டு பேசினால் நல்லது.

வியாசர்பாடி இளையவன்:
ஐயா, அந்தக் கோப்பை எந்தக் கோரலில் திறந்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். உங்கள் கடையில் இருப்பது எக்ஸ்3 என்னும் பழைய பதிப்பு என்பது எனக்குத் தெரியும். 2012-இல் வந்த எக்ஸ்6-இல்தான் கோரலின் எழுத்தமைப்பு நிரலே மாற்றப்பட்டது. அதற்கு முந்தைய பதிப்பில் யூனிகோடு தமிழைத் திறந்துவிட்டு, அனுப்பியவரின் மென்பொருள் உடைத்துவிட்டது என்றால் எப்படி? கொம்பு உடைந்தது இங்க்ஸ்கேப்பில் அல்ல, உங்கள் கோரலில்தான்.

ஆண்டர்சன் தெரு அச்சகர்:
என் கடையில் எந்தப் பதிப்பு இருக்கிறது என்பது உனக்கு எப்படித் தெரியும் என்பதை இங்கே உள்ளவர்களும் அறிந்துகொள்ளட்டும். என்னிடம் எட்டு மாதம் வேலை கற்றுக்கொண்டு, ஆவணி முகூர்த்த நெருக்கடியில், நாற்பது அட்டைகள் திருத்தத்துக்குக் காத்திருந்த நாளில், சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டவன் நீ. மௌஸைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்த கடையின் கோரலையே இன்று குறை சொல்கிறாய்.

அது போகட்டும். கொம்பு மட்டுமா? இங்க்ஸ்கேப்பும் கிம்ப்பும் திரைக்குரிய மூன்று வண்ண முறையில் இயங்குபவை. அவற்றிலிருந்து வரும் கருப்பை அச்சுக்கு மாற்றும்போது அது தனிக் கருப்பாக வருவதில்லை. நீலம், சிவப்பு, மஞ்சள், கருப்பு நான்கும் கலந்து வருகிறது. ஆஃப்செட் அச்சில் வண்ணத்துக்கு ஒன்றாக உள்ள நான்கு பிளேட்டும் மயிரிழை விலகினால் போதும், எட்டுப் புள்ளி எழுத்தில் ணகரத்தின் சுழிகள் அடைத்துக்கொள்ளும், ஓரத்தில் வண்ணம் கசியும். முகவரி வரியைப் படிக்கவே முடியாது. கோரலில் எழுத்துக்கு நூறு விழுக்காடு கருப்பு மட்டும் கொடுத்தால் அந்தத் தொல்லையே இல்லை. இதைக் கற்க எனக்குப் பத்து ஆண்டுகள் ஆயின. கெட்டுப்போன அட்டைகளுக்கு என் கைக்காசைக் கொடுத்துத்தான் கற்றேன்.

பெரம்பூர் ஆசிரியர்:
கருப்பு பற்றி அச்சகர் சொல்வது சரி. ஆனால் அதற்கும் இலவச வழி உண்டு. வரைந்ததை ஸ்கிரைபஸ் என்னும் இலவசப் பக்க வடிவமைப்பு மென்பொருளில் கொண்டுபோய் வைத்து, எழுத்தை அங்கே அமைத்தால் தனிக் கருப்பில் பிடிஎஃப் எடுக்கலாம். நான் கேட்க விரும்புவது வேறு. ஐயாவின் அட்டைகளில் கொம்பு உடையாமல் இருந்ததற்குக் காரணம் கோரலா, அவர் பயன்படுத்தும் பழைய எழுத்துருவா? அந்த எழுத்துருக்களில் கொம்பு ஒரு தனி எழுத்தைப் போலவே முதலில் தட்டப்படுகிறது. எந்த மென்பொருளும் அதை நகர்த்த வேண்டியதில்லை. ஆனால் அந்த வரியை எடுத்து மின்னஞ்சலில் ஒட்டினால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக மாறிவிடும். தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடையும் தமிழுக்கான இன்னொரு குறியீட்டு முறையான டேஸ்16-ஐயும் தரமாக அறிவித்துவிட்டது. என் மாணவர்களுக்கு நான் எதைக் கற்பிப்பது?

ஆண்டர்சன் தெரு அச்சகர்:
ஆசிரியரே, மின்னஞ்சலில் ஒட்டுவதற்கா திருமண அட்டை அடிக்கிறோம்? மணமகளின் தந்தை பத்திரிகையைக் கையில் வாங்கி, முதலில் பார்ப்பது பெயரில் பிழை இருக்கிறதா என்பதைத்தான். ‘கோகிலா’ என்ற பெயரில் கொம்பு இடம் மாறியிருந்தால், அரசாணையைக் காட்டி அவரைச் சமாதானப்படுத்த முடியாது. பழைய எழுத்துரு என்று நீங்கள் தள்ளிவைப்பதில்தான் இந்தத் தெருவே இருபத்தைந்து ஆண்டுகளாகச் சோறு உண்டது. மாணவர்களுக்கு எது சோறு போடுமோ அதைக் கற்பியுங்கள்.

வியாசர்பாடி இளையவன்:
நான் வேலையை விட்டதற்கான காரணம் ஐயாவுக்குத் தெரியும். எட்டு மாதத்தில் மூன்று மாதச் சம்பளம் நிலுவையில் இருந்தது. அதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, அவர் தொடங்கியதால் சொல்கிறேன்.

கிம்ப் வளரவில்லை என்று சிலர் எண்ணுகிறார்கள். 2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பில், மூலப் படத்தைக் கெடுக்காமலேயே வடிப்பான்களைப் போட்டு, பிறகு எப்போது வேண்டுமானாலும் திருத்திக்கொள்ளலாம். பதாகை வேலையில் வாடிக்கையாளர் முகத்தை இன்னும் வெளுப்பாக்கு, இன்னும் வெளுப்பாக்கு என்று நான்கு முறை திருப்பி அனுப்பும்போது அதன் அருமை புரியும்.

ஆண்டர்சன் தெரு அச்சகர்:
சம்பளக் கணக்கு என் ஏட்டில் இருக்கிறது. நேரில் வந்தால் காட்டுவேன். திருத்திக்கொள்ளும் அடுக்கு என்று இப்போது பெருமைப்படுகிறாயே, வண்ணத்தையும் வெளிச்சத்தையும் அப்படித் திருத்தும் அடுக்கு ஃபோட்டோஷாப்பில் 1996-இல் நான்காம் பதிப்பிலேயே வந்துவிட்டது. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கழித்து வந்ததை வளர்ச்சி என்று என்னால் ஏற்க முடியாது. அப்படியே ஏற்றாலும், காசிமேட்டு அட்டையில் கொம்பு உடைந்தது உடைந்ததுதானே?

ராயபுரம் ஓவியை:
நான் கேட்டதற்கு இன்னும் ஒருவரும் விடை சொல்லவில்லை.

வியாசர்பாடி இளையவன்:
அந்த அழைப்பிதழைச் செய்தவரைத் தேடிப் பிடித்துக் கோப்பை வாங்கிவிட்டேன். என் கணினியில் ‘கொடியேற்றம்’ சரியாகத்தான் இருக்கிறது. அவர் செய்த தவறு ஒன்றே ஒன்று: அனுப்பும் முன் எழுத்துகளைக் கர்வ்ஸ், அதாவது வெறும் கோட்டு வடிவங்கள், ஆக்கவில்லை. அதைச் செய்து புதிய கோப்பை ஐயாவுக்கு அனுப்பியிருக்கிறேன். அதே எக்ஸ்3-இல் திறந்து பார்த்துவிட்டு, கொம்பு எங்கே நிற்கிறது என்று இங்கே எழுதுங்கள்.

ஆண்டர்சன் தெரு அச்சகர்:
திறந்தேன். கொம்பு அதன் இடத்தில்தான் நிற்கிறது. கர்வ்ஸ் ஆக்கிவிட்டால் அது எழுத்தே இல்லை, படம். படத்தில் கொம்பு எப்படி உடையும்? எழுத்தாக வந்தபோது உடைந்தது. நான் சொன்னதும் அதைத்தான். இன்று மாலைக்குள் ‘கொடியேற்றம்’ என்ற சொல்லுக்குக் கீழே தேதியை மாற்ற வேண்டும் என்று விழாக் குழுவினர் கேட்டிருக்கிறார்கள். நீ அனுப்பிய படத்தில் எந்த இலக்கத்தை நான் அழித்துத் தட்டுவது? எழுத்தாகவே அனுப்பு, கொம்பு உடையாமல் வரட்டும், அப்போது பேசுவோம்.

வியாசர்பாடி இளையவன்:
எக்ஸ்3-ஐ மாற்றுங்கள் ஐயா, எழுத்தாகவே அனுப்புகிறேன்.